ஒருவர் அடித்தால் நாலு பேர் அடித்த மாதிரி: தாமஸ் ஸ்ட்ரோனனின் எலக்ட்ரானிக் டிரம்ஸ்

2006இல் வெளிவந்த 'பொலிட்ஸ்' ஆல்பத்தில் வாசிப்பவர் ஒரே ஒருவர்தான்: நார்வேயின் ஜாஸ் டிரம்மர் தாமஸ் ஸ்ட்ரோனன். கேட்டால் அப்படித் தோன்றாது. 1972இல் பிறந்த இவர் டிரான்ட்ஹைம் நகரில் ஜாஸ் படித்தார். ஆங்கிலேய சாக்ஸபோன் கலைஞர் இயான் பாலமியோடு 'ஃபுட்', கீபோர்டு கலைஞர் ஸ்டோலே ஸ்டோர்லோக்கனோடு 'ஹம்க்ரஷ்' என இரண்டு குழுக்களிலும் டிரம்ஸும் எலக்ட்ரானிக்ஸும் இவர் பொறுப்பு.

ஏற்கெனவே பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு மேலே வாசிப்பது எல்லோரும் செய்வது. டிரம்ஸ் ஒலியை உடனுக்குடன் எலக்ட்ரானிக்ஸுக்குள் விட்டு வாசிக்கும் இந்த வகை இசையில் இப்போது அடித்த அடியே மூலப்பொருள். மைக்குக்கு வரும் ஒலியை, சிடி தரம் என்றால், விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறார்கள். 2 விநாடி டிலே, அதாவது தாமதம், வேண்டுமா? மெமரியில் எண்ணுக்கொரு கட்டமாக 88,200 கட்டங்கள் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் புது எண்ணை எழுதுமுன் அங்கிருக்கும் பழைய எண், அதாவது 2 விநாடிக்கு முந்தைய ஒலி, ஸ்பீக்கருக்குப் போய்விடும். கடைசிக் கட்டம் முடிந்தால் மறுபடி முதல் கட்டம். அவ்வளவுதான் எதிரொலி.

வித்தை ஃபீட்பேக்கில் இருக்கிறது. வெளியே வருவதில் 70 சதவீதத்தைத் திரும்ப உள்ளே விட்டால் அடுத்தது 49, அப்புறம் 34. பத்தாவது சுற்றில் 3 சதவீதம்கூடத் தேறாது. 100இல் வைத்தால் ஒலி அடங்கவே அடங்காது. தாண்டினால் சுற்றுக்குச் சுற்று பெருத்து ஊளையிடும். அந்த விளிம்பை ஒட்டிக் குமிழைத் திருகி விளையாடுவதில்தான் சுவாரசியமே. எண்களைப் பாதி வேகத்தில் படிக்கவைத்தால் நீளம் இரட்டிக்கும், சுருதி ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, இறங்கும். கைமணியிலிருந்து கண்டாமணி கிடைக்கும்.

ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் புகுந்தால் வேண்டாத இன்னொரு சுற்று உருவாகும். அதனால் பலர், காற்றை விட்டுவிட்டு டிரம்மின் அதிர்வையே பிடிக்கும் கான்டாக்ட் மைக்கை ஒட்டிவிடுகிறார்கள்.

சரி, தாளம்? நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி. டிலேயை 375இல் வைத்தால் எதிரொலி முக்கால் அடியில் விழும். நாலு எதிரொலிக்கு மூன்று அடி. மூன்றின்மேல் நாலு என்ற குறுக்குத்தாளம் இனாம். ஆனால் இயந்திரம் விட்டுக்கொடுக்காது. கை 30 மில்லி விநாடி பிந்தினாலே அடியும் எதிரொலியும் தனித்தனியாகத் தடுக்கிவிழும். ஜாஸ் டிரம்மரோ தாளத்தை முன்னே இழுத்தும் பின்னே தள்ளியும் வாசித்துப் பழகியவர். எந்த அடிக்கும் பொருந்தாத டிலேயை வைத்துவிட்டு அதன்மேல் சுதந்திரமாக வாசிப்பது ஒரு வழி. அப்போதும் அடித்ததெல்லாம் திரும்பி வருமே! அதனால் குறைவாக அடிக்க வேண்டும். ஸ்ட்ரோனனிடம் எனக்குப் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

'ஃபுட்' குழுவின் 2015 ஆல்பமான 'திஸ் இஸ் நாட் எ மிராக்கிள்' இன்னொரு விதம். ஸ்டுடியோவில் குழுவினர் முன்கூட்டி எழுதிவைக்காமல் அப்போதைய கற்பனையில் வாசித்ததை ஸ்ட்ரோனன் பிற்பாடு வெட்டி, அடுக்கி, சுருக்கமான உருப்படிகளாக்கினார். மேடையில் 2 விநாடி நினைவை வைத்துச் செய்ததை இங்கே மொத்தப் பதிவையும் வைத்துச் செய்திருக்கிறார்.