நவுன் சரி, ப்ராப்பர் நவுனுக்குத் தமிழில் என்ன?

நவுன் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன். அங்கே ‘நோமென்’ என்றால் பெயர், அவ்வளவுதான். பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் நவுன் ஆகிவிட்டது. கிரேக்க ‘ஓனோமா’, சமஸ்கிருத ‘நாமன்’, ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான ‘நேம்’ எல்லாம் இதற்குப் பங்காளிகள், நாம் சொல்லும் நாமமும் அந்த வழியில் வந்ததுதான். தமிழில் பெயர்ச்சொல். ‘சொல் எனப்படுப பெயரே வினையென்று ஆயிரண்டு என்ப’ என்று தொல்காப்பியமே பெயரை முதலில் வைத்துவிட்டதால் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் வகைகளில்தான்.

ப்ராப்பர் நவுனில் உள்ள ‘ப்ராப்பர்’ சரியானது என்ற பொருளில் வரவில்லை. லத்தீனில் ‘ப்ரோப்ரியுஸ்’ என்றால் தனக்கே உரியது. கம்பன், லண்டன், நைல் என்று ஒன்றுக்கே உரிய பெயர். பாடநூல்கள் சிறப்புப்பெயர் என்கின்றன. தப்பில்லை, ஆனால் பட்டப்பெயர்களையும் சிறப்புப்பெயர் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் எனக்குத் தனிப்பெயர்தான் தெளிவாகப் படுகிறது. ஆங்கிலத்தில் மண்டே, ஜூன்கூட இந்த வகைதான், பெரிய எழுத்தில் தொடங்கும். சம்மர், வின்டர் அப்படி இல்லை. காமன் நவுன் பொதுப்பெயர், அதில் வம்பே கிடையாது.

கலெக்டிவ் நவுனுக்குக் கூட்டப்பெயர் அல்லது தொகுதிப்பெயர். டீம், ஆர்மி மாதிரி வடிவத்தில் ஒருமை, உள்ளே பலர். அதனால்தான் பிரிட்டனில் ‘டீம் ஆர்’ என்றும் எழுதுவார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் ‘டீம் இஸ்’தான்.

அப்ஸ்ட்ராக்ட் நவுன்தான் உண்மையான தலைவலி. லத்தீன் மூலத்துக்கு ‘பிரித்து இழுத்தெடுத்தது’ என்று பொருள், அதாவது நல்லவர்களிடமிருந்து நன்மையை மட்டும் தனியே உருவி எடுத்த மாதிரி. இதைப் பண்புப்பெயர் என்று மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் இலக்கணம் பெயரைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாக வெட்டுகிறது, ஆங்கிலம் வெட்டுகிற இடமே வேறு. ‘ஹானஸ்டி’ பண்புப்பெயரில் அடங்கும், சரி. ‘சைல்ட்ஹுட்’? அது ஒரு பருவம், காலப்பெயர் பக்கம் போகும். ‘மூவ்மென்ட்’ தொழிற்பெயர் பக்கம். மூன்றையும் ஒரே பெயரில் பிடிக்க வேண்டுமென்றால் கருத்துப்பெயர் என்று சொல்வதே மேல்.

மெட்டீரியல் நவுனைப் பொருட்பெயர் என்று எழுதுவதிலும் இதே குழப்பம். தமிழில் மேசையும் பொருட்பெயர், மரமும் பொருட்பெயர். ஆங்கிலத்தில் தங்கம், தண்ணீர், மாவு போல எதனால் ஆனது என்பதைச் சொல்லும் பெயர் மட்டுமே மெட்டீரியல் நவுன். மூலப்பொருட்பெயர் என்றால் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் குழப்பாது.

அப்புறம், எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்று இன்னொரு பிரிவு. நமக்குத் தகவல்கள், அறிவுரைகள் என்று ‘கள்’ போட்டு வாய் பழகிவிட்டதால் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைஸஸ்’ என்று தாராளமாக எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் பன்மை ஏற்காது. சொல்லை மட்டும் பார்த்து வகையை மனப்பாடம் செய்வதும் உதவாது. வெறும் ‘கிளாஸ்’ என்றால் மூலப்பொருள், ‘எ கிளாஸ்’ என்றால் குடிக்கும் தம்ளர், எண்ணலாம். ‘கிளாஸஸ்’ என்றால் தம்ளர்களாகவும் இருக்கலாம், மூக்குக்கண்ணாடியாகவும் இருக்கலாம், வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.