சர்வர்: சேவையகமா, வழங்கியா?

கணினி வருவதற்கு முன்பே சர்வர் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். ஓட்டலில் இலை போட்டு, தண்ணீர் வைத்து, "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்பவர் அவர்தான். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் பந்தியில் பரிமாறுபவர் என்பதே. இன்னும் பின்னால் போனால் இலத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை, 'செர்வீரே' என்றால் ஊழியம் செய்தல். அடிமை, ஊழியர், பரிமாறுபவர் என்று பொருள் மாறிக்கொண்டே வந்தாலும் வழி நெடுக சர்வர் ஓர் ஆள். ஓட்டல் கட்டடத்தை யாரும் சர்வர் என்று சொன்னதில்லை.

ஆளைக் குறித்த சொல் இயந்திரத்துக்குப் போனது வரிசைகளைப் பற்றிய கணக்கின் வழியாக. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர் எர்லாங், வந்து குவியும் அழைப்புகளைப் பற்றி 1909-இல் ஒரு கட்டுரை எழுதினார். அழைப்பை இணைத்துவிடும் ஆபரேட்டர்கள் அந்தத் துறையின் ஆரம்ப காலக் கட்டுரைகளில் ஆபரேட்டர்களாகவே வருவார்கள். 1953-இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் டேவிட் கெண்டல் வரிசைகளைப் பற்றி எழுதியபோது அந்தப் பெயர் 'சர்வர்' என்ற பொதுச்சொல் ஆகிவிட்டது: வரிசையில் நிற்பவரைக் கவனித்து அனுப்பும் எதுவும் சர்வர்தான், ஆளோ கருவியோ. 1969-இல், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்புக்காக எழுதப்பட்ட ஆர்எஃப்சி என்ற தொழில்நுட்பக் குறிப்பு வரிசையின் ஐந்தாவது ஆவணத்தில் 'சர்வர்-ஹோஸ்ட்', 'யூசர்-ஹோஸ்ட்' என்று இரண்டு வகைக் கணினிகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். அங்கே ஹோஸ்ட்தான் கணினி. சர்வர் என்பது அது செய்யும் வேலையைச் சொல்லும் அடைமொழி. பிற்காலப் பேச்சில் கணினிக்கும், அதில் ஓடும் நிரலுக்கும் சர்வர் என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் குழப்பத்தின் விலை எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் தொலைபேசியில், "சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க தம்பி" என்றேன். கணினியில் ஓடும் டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளைத்தான் சொன்னேன். அவர் கணினியையே ரீபூட் செய்துவிட்டார். அதே கணினியில்தான் தரவுத்தளமும் இருந்தது, வேறொரு செயலியும் ஓடிக்கொண்டிருந்தது. கணினி எழுந்து வந்தபோது டாம்கேட் எழவில்லை. தானாகத் தொடங்கும்படி யாரும் அமைத்து வைத்திருக்கவில்லை. அந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளும் சரியான பொருள்தான்.

அதிலிருந்துதான் தமிழில் என்ன சொல்கிறோம் என்று கவனிக்க ஆரம்பித்தேன். சர்வருக்கு இன்று இரண்டு தமிழ்ச் சொற்கள் புழங்குகின்றன: சேவையகம், வழங்கி.

சேவையகத்தில் உள்ள 'அகம்' இடத்தைக் குறிக்கும். நூலகம், மருந்தகம், உணவகம், தலைமைச் செயலகம் எல்லாம் நாம் போய் நிற்கும் இடங்கள். அதனால் சேவையகம் என்றதுமே மனதில் ஓர் அறையோ பெட்டியோ தோன்றுகிறது. அறையில் அடுக்கி வைத்த கணினியைச் சொல்வதற்கு அது பொருந்தலாம். ஆனால் ஜாவா என்ற நிரல்மொழியின் உலகில் அப்ளிகேஷன் சர்வர், அதாவது செயலிகளை ஓட்டும் சர்வர், என்பது பெட்டி அல்ல. டாம்கேட், வைல்டுஃபிளை, கிளாஸ்ஃபிஷ், வெப்லாஜிக் எல்லாமே மென்பொருள்கள். கோரிக்கையை வாங்கி, உரிய செயலியிடம் கொடுத்து, பதிலைத் திருப்பி அனுப்புகிறவை. ஓட்டல் உதாரணத்தில் சொன்னால் கணினிதான் ஓட்டல், டாம்கேட் பரிமாறுபவர்.

வழங்கியில் உள்ள 'இ' விகுதி வேலையைச் செய்வதைக் குறிக்கும். மின்மாற்றி, ஒலிபெருக்கி, உலாவி. விறகுவெட்டி ஆள், மண்வெட்டி கருவி. இரண்டுக்கும் அதே விகுதி பொருந்துகிறது. ஆளிலிருந்து கருவிக்கு நகர்ந்த சர்வருக்கு இதைவிடப் பொருத்தமான விகுதி கிடைக்காது.

வழங்கு என்ற வினையும் ஆழமானது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் ஒன்றிலேயே இதன் இரண்டு பொருள்களைப் பார்க்கலாம். 19-ஆவது குறளில் 'வானம் வழங்காது எனின்' என்றால் வானம் மழையைத் தராவிட்டால் என்று பொருள்; அங்கே வழங்குதல் கொடுத்தல். 11-ஆவது குறளில் 'உலகம் வழங்கி வருதலால்' என்னும்போது உலகம் இடையறாமல் நடந்து வருவதைச் சொல்கிறது. அந்த 'வழங்கி' வினையெச்சம், நம்முடையது பெயர்ச்சொல். ஆனாலும் கேட்டதைக் கொடுப்பது, இடையறாமல் ஓடிக்கொண்டிருப்பது என்ற இரண்டும் ஒரே வேரில் இருப்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு சர்வரிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

நிறுவும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். டாம்கேட் 11-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் கணினியில் ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அப்புறம் டாம்கேட்டின் சுருக்கக் கோப்பை இறக்கி, ஆப்ட் போன்ற ஓர் அடைவில் (ஃபோல்டரில்) விரித்து, அதை ஓட்டுவதற்கென்றே அதிகாரம் குறைந்த ஒரு தனிப் பயனரை உருவாக்க வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டவே கூடாது. செயலியில் ஒரு ஓட்டை இருந்தாலும் மொத்தக் கணினியும் அடுத்தவன் கைக்குப் போய்விடும். பிறகு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாகப் பதிந்துவிட்டால், கணினி எழும்போது டாம்கேட்டும் எழும். இயல்பாக அது 8080 என்ற போர்ட்டில், அதாவது கோரிக்கைகள் வந்து சேரும் வாசல் எண்ணில், காத்திருக்கும். செயலியை மொத்தமாகக் கட்டிய வார் கோப்பை வெப்ஆப்ஸ் அடைவில் போட்டால் அதைத் தானே விரித்து ஓட்டத் தொடங்கும்.

இப்போது அதே கணினியில் இரண்டாவது டாம்கேட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. டாம்கேட் தன் அமைப்புகளைத் தேடும் அடைவைச் சொல்லும் கேட்டலினா_பேஸ் என்ற மாறியை வேறோர் அடைவுக்குக் காட்டி, அந்த அடைவில் உள்ள அமைப்புக் கோப்பில் போர்ட் எண்களை மாற்றினால் போதும். இதை எப்படிச் சொல்வது? 'ஒரே சேவையகத்தில் இரண்டு சேவையகங்கள்' என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார். 'ஒரே கணினியில் இரண்டு வழங்கிகள்' என்றால் உடனே விளங்குகிறது.

எர்லாங் பார்த்த வரிசையும் இங்கே அப்படியே இருக்கிறது. கோரிக்கைகளைக் கவனிக்கும் பரிமாறுபவர்கள் போன்ற திரெட்களை டாம்கேட் இயல்பாக 200 வரை வைத்துக்கொள்ளும். இருநூறும் வேலையில் இருந்தால் அடுத்து வரும் கோரிக்கை நிற்க வேண்டியதுதான். செயலி மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் பலர் அந்த எண்ணை 500, 800 என்று ஏற்றுவார்கள். பின்னால் இருக்கும் தரவுத்தளம் மெதுவாக இருந்தால் அதனால் பயன் இல்லை. அடுப்பில் ஒரே தோசைக்கல் இருக்கும்போது பரிமாற ஆள் கூட்டுவது போல அது.

சரி, 'அப்ளிகேஷன்' பகுதிக்கு என்ன சொல்வது? 'பயன்பாடு' என்று சிலர் எழுதுகிறார்கள். நிர்வாகக் குறிப்புகளில் அது இடிக்கும். 'நினைவகப் பயன்பாடு' என்று எழுதினால் நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்றுதான் யாரும் படிப்பார்கள். செல்பேசி வந்தபின் 'செயலி' மக்கள் சொல்லாகிவிட்டது. நுண்செயலி என்ற சொல்லில் அது பிராசஸரையும் குறிக்கிறது என்பது உண்மையான இடைஞ்சல்தான், ஆனால் சூழலை வைத்துப் பிரித்துவிடலாம். ஆகவே என் தேர்வு: செயலி வழங்கி.

வழங்கியை ஏற்றுக்கொண்டால் இன்னொரு சொல்லும் தானாக வந்து சேரும். ஜாவாவில் கோரிக்கை ஒவ்வொன்றையும் கையாளும் நிரல்துண்டு 'சர்வ்லெட்'. ஆங்கிலத்தில் 'லெட்' சிறியதைக் குறிக்கும் பின்னொட்டு. குறுநாவல், குறுந்தகவல் போல அதைக் 'குறுவழங்கி' என்று சொல்லலாம். 'குறுஞ்சேவையகம்' என்றால் ஏதோ சின்ன அலுவலகம் மாதிரி இருக்கிறது.

எங்கள் அணியின் பணி ஒப்படைப்புக் குறிப்பில் அந்த இரவுக்குப் பிறகு ஒரு வரியை மாற்றினேன். முன்பு 'சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும்' என்று இருந்தது. இப்போது இப்படி இருக்கிறது: 'டாம்கேட் வழங்கியை மட்டும் நிறுத்தித் தொடங்கவும். கணினியைத் தொட வேண்டாம்.'