பழைய சைலன்சர் வேனுக்குப் பொருந்துமா?

வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தால், எஞ்சினில் தொடங்கி வண்டியின் வால் வரைக்கும் ஒரு குழாய் ஓடுவது தெரியும். நடுநடுவே சில டப்பாக்கள். பேச்சில் இது மொத்தத்துக்கும் சைலன்சர் என்றுதான் பெயர். அது துருப்பிடித்து ஓட்டையானதும், அதே மாடல் வேனிலிருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் ஒன்று கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் மாடல் பெயரை மட்டும் வைத்துச் சைலன்சர் வாங்குவது, ஊர்ப்பெயரை மட்டும் வைத்து வீட்டைத் தேடுவது போலத்தான்.

ஒரே பெயரில் குட்டை வீல்பேஸ், நீள வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) என்று வேன்கள் வரும். முன்குழாயும் பின்டப்பாவும் ஒன்றாகவே இருந்தாலும் நடுக்குழாயின் நீளம் மாறிவிடும். ஸ்டெப்னி எங்கே தொங்குகிறது, டேங்க் எந்தப் பக்கம், எந்தச் சக்கரங்கள் வண்டியை இழுக்கின்றன என்பதற்கு ஏற்ப வளைவுகளும் மாறும். 'கொஞ்சம்தானே வித்தியாசம், இழுத்து மாட்டிவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 3 மீட்டர் எஃகுக் குழாயின் வெப்பம் 400 டிகிரி கூடினால் அது சுமார் 14 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கும் எஞ்சினின் ஆட்டத்துக்கும் இடம் கொடுக்கத்தான் குழாயை ரப்பர் வளையங்களில் தொங்கவிடுகிறார்கள். முறுக்கி மாட்டிய குழாய் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் எதையாவது தள்ளும். கடைசியில் வெல்டிங்கில் விரிசல் விழும்.

இணைப்புகளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழைகிறது என்றால், நுழையும் குழாயின் வெளிவிட்டத்தையும் வாங்கிக்கொள்ளும் குழாயின் உள்விட்டத்தையும் அளக்க வேண்டும். இரண்டிலும் வெளிவிட்டத்தை அளந்துவிட்டு வந்து விழிப்பவர்கள் அதிகம். ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான விளிம்பு) என்றால் போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, அவற்றுக்கு இடையிலான தூரமும் ஒத்துப்போக வேண்டும்.

சரி, மாட்டியாயிற்று என்று வையுங்கள். இனி சத்தம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது, விநாடிக்கு 100 முறை புகை குப்குப்பென்று குழாய்க்குள் பாய்கிறது. நம் காதில் விழும் உறுமல் அதுதான். டப்பாவுக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இந்த ஒலியலையை அங்கேயே திருப்பியடிக்கின்றன. திரும்பும் அலையின் மேடு, வரும் அலையின் பள்ளத்தில் வந்து விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேடும் பள்ளமும் சரியாகச் சந்திப்பது அறையின் நீளத்தையும் அகலத்தையும் பொறுத்தது. எனவே அந்த அளவுகள் குறிப்பிட்ட எஞ்சினுக்காகக் கணக்கிட்டவை. வேறு எஞ்சினின் டப்பா அளவில் பொருந்தினாலும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வேனுக்குள் ரீங்காரம் கிளம்பலாம். சரக்கு வேனின் உடல் வெறும் தகரப் பெட்டி. மத்தளம் போல அதுவும் சேர்ந்து அதிரும்.

அப்புறம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது புகையின் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் டப்பா. தேன்கூடு போன்ற பீங்கான் துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் எடையில் ஏறக்குறைய 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால்தான் அது முழுத் திறனோடு வேலை செய்யும். அந்த விகிதத்தைக் காப்பதற்காக ஆக்சிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடித்து எஞ்சினின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. டீசல் எஞ்சினோ தேவைக்கு அதிகமாகவே காற்றை இழுப்பது. அதன் புகையில் மிஞ்சும் ஆக்சிஜன், பெட்ரோல் வண்டியின் கன்வெர்ட்டரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க விடாது. ஆகவே பழைய பாகத்தில் சென்சார் துளைகள் எத்தனை, எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே எரிபொருள், எஞ்சின் குறியீடு, மாசு விதிமுறைக் கட்டம் (பி.எஸ். 4, பி.எஸ். 6 போன்றது) ஆகிய மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணை உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு உரிய பாக எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

புதிய டீசல் வேன்களில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. அதில் சேரும் கரியை எஞ்சினே சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி எரித்துவிடும். எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் மட்டும் எரியாமல் அங்கேயே தங்கி, ஓடிய தூரத்துக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. செகண்ட் ஹேண்டில் இதை வாங்குவதை நான் சூதாட்டம் என்றே சொல்வேன்.

துரு விஷயத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! முன்குழாய் கொதிக்கும் சூட்டில் இருப்பதால் அது ஆவியாகவே கடந்துபோகும். பின்டப்பா வரும்போது சூடு தணிந்து, ஆவி நீராகி, புகையின் அமிலத்தோடு உள்ளே தேங்கும். குட்டிக் குட்டிப் பயணம் போகும் வண்டியில் அது காய்வதே இல்லை. அதனால் முன்குழாயைப் பழையதாக வாங்குவதில் ஓரளவு நியாயம் உண்டு. பின்டப்பாவைப் பழையதாக வாங்கினால், வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஓட்டையாகத் தொடங்கியிருக்கலாம். குலுக்கிப் பாருங்கள், உள்ளே கலகலவென்றால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. ஸ்டெயின்லெஸ் எஃகா என்று தெரிந்துகொள்ளக் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். சைலன்சர்களில் நிறையப் பயன்படும் 409 ரக ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் நன்றாகவே ஒட்டும்.

மாட்டும்போது கேஸ்கட்டும் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு) ரப்பரும் புதிதாகவே இருக்கட்டும். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, வால்குழாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்துக் காதைத் தீட்டுங்கள். எங்காவது 'உஸ்' என்றால் அங்கே கசிகிறது. நடுக்குழாயில் கசிந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வேனின் தரைக்கு அடியில் சேர்ந்து உள்ளே புகலாம். பெட்ரோல் வண்டியில் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். புகைத் துடிப்புகளின் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு எரிபொருள் போதவில்லை என்று தப்பாகச் சொல்லும். கணினியும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும்.