கறுப்புப் பக்கத்தில் என்ன சொல்கிறோம்?

முன்பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது என் தொழில். அதனால் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களும் படப்புத்தகங்களோடு வருவார்கள். இரட்சிப்பின் கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். நான் முதலில் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பேன். நாலு வயதுப் பிள்ளை வசனத்தை மறந்துவிடும், படத்தை அவ்வளவு லேசில் மறக்காது.

அதிகம் வருவது எழுத்தே இல்லாத வண்ணப் புத்தகம். 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் தன் பிரசங்கம் ஒன்றில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று பக்கங்களைப் பற்றிப் பேசினார். பொன்னும் பச்சையும் பிறகு சேர்ந்தவை. கறுப்பு பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை சுத்தமான இதயம், பொன் பரலோகம், பச்சை வளர்ச்சி. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும். நல்ல யோசனைதான்.

ஆனால் நம் பிள்ளைகளில் பலர் "கருவாயா" என்ற கேலியைத் தினமும் கேட்பவர்கள். கறுப்பு பாவம், கழுவினால் வெள்ளை என்று டீச்சர் சொன்னதும் தன் கையைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். இதற்கு வேதாகமத்தையும் துணைக்கு இழுக்க முடியாது. ஏசாயா 1:18 பாவத்துக்குச் சொல்லும் நிறம் சிவப்பு. அந்தப் பக்கத்தை இருட்டு என்று சொல்லுங்கள். லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், கரண்ட் போன இரவை எந்தப் பிள்ளைக்கும் தெரியும். யோவான் 1:5இல் இருளில் பிரகாசிக்கும் ஒளியையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்தது சிலுவைப் படம். ஆணியையும் வழியும் இரத்தத்தையும் முழுப் பக்கத்தில் காட்டி, "உன் பாவத்தாலதான் இயேசு செத்தார்" என்பவர்கள் இருக்கிறார்கள். இறையியலில் அதற்கு இடம் இருக்கட்டும், ஐந்து வயதில் வேண்டாம். அந்த வயதுப் பிள்ளை கெட்டது எது நடந்தாலும் தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போக, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! "நான் குழப்படி செஞ்சதாலதான் அம்மா போனாங்க" என்று ஏற்கெனவே நம்பும் பிள்ளையின் தலையில் ஒரு மரணத்தையும் ஏற்றுகிறோம்.

சின்னவர்களுக்கு இயேசுவின் அன்பிலிருந்து தொடங்குங்கள். தூரத்தில் மூன்று சிலுவைகள் தெரியும் படம் போதும். வெறுமையான கல்லறையை அன்றைக்கே காட்டிவிடுங்கள். அடுத்த ஞாயிறுக்கு என்று வைத்தால், மழையால் வராமல் போகும் பிள்ளைக்குக் கதை சாவோடு முடிந்துவிடும். பாவமும் மன்னிப்பும் எட்டு, ஒன்பது வயதில் நன்றாகப் பிடிபடும். அதற்கு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடன் பேதுருவுக்கு, உயிர்த்தெழுந்த இயேசு கரையில் காலைச் சாப்பாட்டோடு காத்திருந்த படத்தைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், "இயேசுவை இதயத்துக்குள்ள கூப்பிடு" என்ற பக்கம். "உள்ள மூச்சு விட முடியுமா டீச்சர்?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள், அந்த வயதில் சொன்னதைச் சொன்னபடியேதான் எடுத்துக்கொள்வார்கள். யார் கை தூக்கினார்கள் என்று எண்ணவும் வேண்டாம். பக்கத்துப் பிள்ளை தூக்கினால் எல்லோரும் தூக்குவார்கள்.

தோட்டங்களில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள். படக்கதைக்கும் பிஸ்கட்டுக்கும் அந்தப் பிள்ளைகளும் வரும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை பிள்ளையின் மதச் சுதந்திரத்தோடு, வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் மதிக்கச் சொல்கிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாவிடம் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, பிஸ்கட்டை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.