கம்போஸ்ட்: கூட்டுரம் இல்லை, மட்கு

காடு மீட்பு பற்றித் தமிழில் வரும் கையேடுகளில் 'பூர்வீக மரக்கன்றுகளைக் கரிமக் கழிவுக் கூட்டுரத்தில் வளர்த்தல்' என்கிற மாதிரித் தொடர்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இதில் மற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தக் 'கூட்டுரம்' மட்டும் வேண்டாம். கம்போஸ்டுக்கு, அதாவது தழையும் கழிவும் மட்கி ஆன எருவுக்கு, அது பொருந்தவில்லை, நாற்றங்காலில் வேலை செய்பவரையும் குழப்புகிறது.

மூலத்தை முதலில் பார்த்துவிடலாம். இலத்தீனில் 'ஒன்றாக வைக்கப்பட்டது' என்று பொருள்படும் ஒரு சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கம்போஸ்ட் ஆனது. கம்போஸிஷனும் அதே வேர்தான். அவ்வளவுதான் கதை.

தமிழில் இதற்கு மட்குதல் என்ற வினை இருக்கிறது. தழை, சாணம், காய்கறிக் கழிவு எல்லாம் உருத்தெரியாமல் பொடிந்து மண்போல ஆவதுதான் மட்குதல். உட்கார் என்பது உக்கார் ஆனதுபோல, வெட்கம் வெக்கம் ஆனதுபோல, பேச்சில் இது மக்குதல். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தமிழ்நாட்டில் குப்பை வண்டியே சொல்லிக்கொண்டு போகிறது. வெட்டு, கட்டு போல வினைப்பகுதியே பெயராக நிற்பதும் நமக்குப் புதிதில்லை. ஆக, மட்கிய பொருள் மட்கு. 'மக்கு என்றால் மண்டு என்று ஆகிவிடுமே' என்று தயங்குகிறவர்கள் எழுத்தில் டகர ஒற்றோடு எழுதிவிட்டால் போதும்.

சரி, கூட்டுரத்துக்கு வருவோம். இலத்தீன் மூலத்துக்கு அது நெருக்கமானது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் நியாயம். ஆங்கிலம் பேசுகிறவருக்கே கம்போஸ்ட் என்றால் 'ஒன்றாக வைத்தது' நினைவுக்கு வருவதில்லை, மட்கிய கருப்புத் தூள்தான் வருகிறது. அவர்கள் மறந்துவிட்ட வேரை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்? தமிழ்க் காதில் 'கூட்டு' இன்னும் உயிரோடு இருக்கிற சொல். கூட்டு உரம் என்றதும் உழவருக்கு 17:17:17 காம்ப்ளக்ஸ் என்கிற ரசாயன உர மூட்டைதான் தோன்றும். கன்றுப் பையில் அதை அள்ளிப் போட்டால் வேர் கருகும். போடக் கூடாத ஒன்றையே நினைவூட்டும் சொல்லை, போட வேண்டிய பொருளுக்குப் பெயராக வைத்தது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை, எதைச் சேர்த்தோம் என்பதை மட்டும்தான் கூட்டுரம் சொல்கிறது, சேர்த்த பின் என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. நாற்றங்காலில் முக்கியமே அந்த நடந்த விஷயம்தான். குவியல் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறி, களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் அழிந்து, ஆறி அடங்க வேண்டும். தேங்காய் நார்க்கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருக்கும்போது அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) 100 பங்குக்கு மேல். அப்படியே பையில் போட்டால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், கன்று வெளிறிப்போகும். காய்கறிக்கு இது சில வாரத் தொல்லை. ஆனால் ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டில் நடுகிற பாலை, வீரை, கருங்காலி போன்ற உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை, நீண்ட நாள் பையிலேயே இருக்கும். மட்காத கலவை பைக்குள்ளேயே சிதைந்து அமுங்கி, மேல்வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

அதனால்தான் நாற்றங்காலில் 'மட்கிடுச்சா?' என்று கேட்கிறார்கள். 'கூட்டுரமாகிடுச்சா?' என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மட்கியது, மட்காதது, அரைகுறையாய் மட்கியது என்று இந்த ஒரு வினை எத்தனை சொல் தருகிறது!

இலங்கையில் கூட்டெரு என்கிறார்கள். அதில் எருவாவது இருக்கிறது. 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று குறள் சொன்ன பழைய சொல், ரசாயன மூட்டையோடு குழம்பாது. ஆனால் 2021இல் அங்கே ரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது செய்திகளெல்லாம் பேசிய 'சேதனப் பசளை' (இயற்கை உரம்), இந்தப் பக்கத்து வாசகருக்குச் சேதத்தையும் பசளைக் கீரையையும்தான் நினைவூட்டும். வெறும் 'உரம்' என்று எழுதுவதும் தப்பு, யூரியாவும் உரம்தானே. தொழு உரம் மாட்டுத் தொழுவத்திலிருந்து வருவது, மண்புழு உரம் புழு செய்தது. அந்தப் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன, அவற்றை மாற்ற வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கும் நேரத்தில் பாதியை நாற்றங்காலில் செலவழித்தால் என்ன? 'பூர்வீக மரம்' என்று எழுதுகிறார்கள், பூர்வீகம் என்றால் நமக்குச் சொத்தும் ஊரும்தான். சீமைக் கருவேலத்துக்கு எதிரே நாட்டுக் கருவேலம் என்று ஊரே சொல்லும்போது 'நாட்டு மரம்' என்று எழுதக் கை வராதா? 'வன மறுசீரமைப்பு' என்றால் தொகுதி மறுசீரமைப்பு மாதிரி எல்லைக்கோட்டை மாற்றப்போகிறார்களோ என்று தோன்றுகிறது. காடு மீட்பு என்று நேராக எழுதலாம்.

அப்புறம், பை நிரப்பும் கலவையை இப்படி எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக ஆறிய, சலித்த மட்கு ஒரு பங்கு.