உதவி வந்துவிட்டது, இறக்கி வைக்க ஆள் எங்கே?

2005 செப்டம்பரில் நாகப்பட்டினத்தில் ஒரு நிவாரணக் கிடங்கில் சரக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். சுனாமி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தற்காலிகக் குடியிருப்புகளுக்குத் தார்ப்பாயும் பாத்திரமும் இன்னும் போய்க்கொண்டிருந்த நேரம். ஒருநாள் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டது. கத்ரீனா புயலில் அடிபட்ட அமெரிக்காவுக்கு இலங்கை அரசு 25,000 டாலர் கொடுத்திருந்தது. அன்றைய கணக்கில் பதினோரு லட்சம் ரூபாய் வரும். படித்துக் காட்டியதும் பக்கத்தில் இருந்த லோடுமேன் ஒருவர், "அவங்க ஆளுங்களே இன்னும் கொட்டகையிலதான் கிடக்காங்க. அமெரிக்காவுக்கு எதுக்குண்ணே?" என்றார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இருபது வருடமாக இதே வேலையில் இருந்துவிட்டு இப்போது சொல்கிறேன்: அந்த 25,000 டாலர் சரியான காரியம். கொடுத்த விதமும் சரி. பணமாக, அங்கேயே களத்தில் வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கையில் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் அமெரிக்காவுக்கு வந்த பல பெரிய உதவிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் ஒன்று. நாடு பணக்கார நாடாக இருக்கலாம். புயலில் மாட்டிக்கொண்டவர் பணக்காரரா? 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா லூசியானாவில் கரையேறியது. நியூ ஆர்லியன்ஸைச் சுற்றியிருந்த வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. ஊரைவிட்டு வெளியேறச் சொல்லி முன்னாடியே உத்தரவு போட்டிருந்தார்கள். ஆனால் அந்த நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கார் வசதி கிடையாது. நான்கில் ஒருவருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள், வயதானவர்கள், நோயாளிகள். கூரை மேலும் விளையாட்டு அரங்கத்துக்குள்ளும் தண்ணீர் கேட்டுக் கையசைத்தவர்களை நாமும் டிவியில் பார்த்தோம். நாட்டின் வருமானத்தை வைத்து அவர்களுடைய தாகத்தை அளக்க முடியாது.

செப்டம்பர் 1 அன்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஜனாதிபதி புஷ், வெளிநாடுகளிடமிருந்து பெரிதாக எதிர்பார்க்கவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை என்ற பொருளில் பேசினார். ஓரிரு நாளில் நிலைமை மாறி, வருவதை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். அதற்குள் உலகமே கையை நீட்டியிருந்தது. பணமாகத் தருவதாக 150க்கும் மேற்பட்ட நாடுகளும் அமைப்புகளும் சொன்ன தொகை 45.4 கோடி டாலர். எண்ணெயாகக் கிடைக்கவிருந்ததையும் சேர்த்தால் 85.4 கோடி. குவைத் மட்டும், பெரும்பகுதி எண்ணெயாக, 50 கோடி டாலர் என்றது. போரில் நொடிந்து கிடந்த ஆப்கானிஸ்தான் ஒரு லட்சம் டாலர் தந்தது. வங்கதேசம் பத்து லட்சம் டாலர். நம் நாடு 50 லட்சம் டாலரோடு, விமானப்படையின் ஐஎல்-76 விமானத்தில் 25 டன் பொருளும் அனுப்பியது. அந்த விமானம் செப்டம்பர் 13 அன்று ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் விமானப்படைத் தளத்தில் இறங்கியது. தார்ப்பாய், போர்வை, சுகாதாரப் பொருள்கள்.

25 டன் என்றால் என்ன என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இரண்டு பெரிய லாரி லோடு. பழகிய ஆட்கள் பத்துப் பேர் இருந்தால் அரை நாளில் இறக்கிவிடலாம். ஆனால் இறக்குவது வேலையில் கால்வாசிதான். எத்தனை பேல், உள்ளே என்ன, காலாவதி தேதி எது, எந்தக் குடோன், எந்த ஊருக்கு, யார் கையெழுத்து? இத்தனைக்கும் ஒருவர் பேனாவோடு நிற்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாவிட்டால் சரக்கு விமானத் தளத்திலேயே உட்கார்ந்துவிடும். லிட்டில் ராக்கில் ஒரே நேரத்தில் பல நாட்டு விமானங்கள். எந்த நாடு எதை அனுப்புகிறது என்ற முழுப் பட்டியலே கையில் இல்லாமல் திணறினார்கள். உலகம் முழுக்க நிவாரணம் அனுப்பிப் பழகிய நாடு அது. தன் வீட்டு வாசலில் வந்து இறங்குவதை வாங்கிக்கொள்ள அதனிடம் நடைமுறையே எழுதி வைக்கப்படவில்லை.

விளைவு என்ன ஆனது பாருங்கள். பிரிட்டன் தன் ராணுவ உணவுப் பொட்டலங்களை லட்சக்கணக்கில் அனுப்பியது. பசியோடு இருக்கிறவனுக்குச் சாப்பாடு, இதைவிட நல்ல உதவி உண்டா? ஆனால் 'மேட் கவ்' நோய் காரணமாக பிரிட்டிஷ் மாட்டிறைச்சிக்கு அமெரிக்காவில் அப்போது தடை இருந்தது. வேளாண்மைத் துறை நிறுத்தி வைத்தது. பொட்டலங்கள் ஆர்கன்சாவில் ஒரு குடோனில் முடங்கின. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, உணவுப் பாதுகாப்பு விதி காரணமில்லாமல் வருவதில்லை. ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்வதற்கு முன் அந்த ஒரு துறையிடம் ஒரு போன் போட்டிருந்தால் போதும். விமானம் புறப்பட்டே இருக்காது.

இத்தாலி அனுப்பியது மருந்து, கட்டுத் துணி, மருத்துவச் சாமான்கள். வாரக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து கெட்டு, கடைசியில் அழித்துவிட்டார்கள். இதை இத்தாலிக்குச் சொல்வதா வேண்டாமா என்று வெளியுறவுத் துறைக்குள்ளேயே கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது. 'நாம் சொதப்பிவிட்டோம் என்று சொல்லிவிடலாம்' என்று ஓர் அதிகாரி மனம் வெறுத்து எழுதியது 2007இல் பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்டுப்போன குளுக்கோஸ் பாட்டில்களைக் குழி தோண்டிப் புதைக்க நானே ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அனுப்பிய மருத்துவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கடத்தியவன் நான்.

சரி, பணமாவது போய்ச் சேர்ந்ததா? சொன்ன 45.4 கோடியில் அரசின் கைக்கு வந்தது 12.6 கோடி டாலர், சுமார் 40 நாடுகள், அமைப்புகளிடமிருந்து. வெளிநாட்டுப் பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது, எந்தத் துறை எதற்குச் செலவழிப்பது என்பதற்கு விதி இல்லை. 6.6 கோடியை, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாக வழிகாட்டும் ஒரு திட்டத்துக்கு ஒதுக்கினார்கள். மீதி 6 கோடி டாலர் பேசிப் பேசி, அடுத்த வருடம்தான் கல்வித் துறை வழியாகப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் என்று முடிவானது. 2007 ஏப்ரல் வரை, தருவதாகச் சொன்ன 85.4 கோடியில் உண்மையில் பயன்பட்டது சுமார் 4 கோடி டாலர்தான்.

ஆனால் எல்லாமே இப்படி வீணாகவில்லை. உருப்படியாகப் போய்ச் சேர்ந்த உதவிகளில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. சிங்கப்பூர் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர்கள் பயிற்சிக்காக ஏற்கெனவே டெக்சாஸில் இருந்தன. உள்ளூர்ப் படைகளோடு சேர்ந்து பறந்து பழகியவர்கள். போன் வந்ததும் கிளம்பிப் போய் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். கனடாவின் வான்கூவரிலிருந்து போன மீட்புக் குழு, நியூ ஆர்லியன்ஸை ஒட்டியுள்ள செயின்ட் பெர்னார்ட் பகுதிக்கு அமெரிக்க ராணுவத்துக்கு முன்பே போய்விட்டது. நெதர்லாந்தும் ஜெர்மனியும் பம்புகளை அனுப்பின, ஓட்டத் தெரிந்த ஆட்களோடு சேர்த்தே. பம்பை மட்டும் அனுப்பியிருந்தால் அதுவும் ஏதாவது ஒரு குடோனில் தூங்கியிருக்கும்.

என் மனதுக்கு நெருக்கமானது மெக்சிகோ செய்தது. செப்டம்பர் 8 அன்று மெக்சிகோ ராணுவத்தின் வண்டிகள் 45, ஆட்கள் சுமார் 200 பேர், லரேடோ எல்லையைத் தாண்டி சான் அன்டோனியோவுக்குப் போனார்கள். 1846இல் தொடங்கிய போருக்குப் பிறகு மெக்சிகோ ராணுவம் அமெரிக்க மண்ணில் கால் வைத்தது அதுவே முதல் தடவை என்றார்கள். கையில் ஆயுதம் இல்லை. சமையல் வண்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் வண்டி, மருத்துவர்கள். அங்கே தங்கியிருந்த புயல் அகதிகளுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் சாப்பாடு போட்டார்கள். அடுப்பு, கரண்டி, சமையல்காரர் எல்லாம் அவர்களுடையதே. பந்தியில் உட்காரும் இடம் ஒன்றைத்தான் அமெரிக்கா காட்ட வேண்டியிருந்தது.

ஐ.நா.வின் கீழ் 1991இல் தொடங்கிய இன்சராக் என்ற மீட்புக் குழுக்களின் கூட்டமைப்பும் இதைத்தான் விதியாக வைத்திருக்கிறது. நடுத்தரக் குழு என்றால் 7 நாள், பெரிய குழு என்றால் 10 நாள், சாப்பாடு, தண்ணீர், கூடாரம் எதற்கும் அடிபட்ட ஊரிடம் கையேந்தக் கூடாது.

ஜப்பான் இதை அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோப்ப நாய்களோடு போன சுவிட்சர்லாந்துக் குழு நாய்களின் தடுப்புக்காவல் விதியால் தாமதப்பட்டது. வெளிநாட்டு மருத்துவர்களுக்கு ஜப்பானிய உரிமம் இல்லையே என்ற தயக்கம் வேறு. இடிபாட்டுக்குள் கிடப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிர். 2011 மார்ச் 11 சுனாமி வந்தபோது 163 நாடுகளும் பிரதேசங்களும் உதவ முன்வந்தன. இந்த முறை சுகாதார அமைச்சகம் சில நாள்களுக்குள், அவசரமான அடிப்படைச் சிகிச்சைகளை வெளிநாட்டு மருத்துவர்கள் செய்யலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டது. இஸ்ரேல் மருத்துவக் குழு மினாமிசான்ரிக்குவில் மருத்துவமனை போட்டு நோயாளிகளைப் பார்த்தது. நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 46 பேர் மியாகி மாகாணத்து ஒனகாவாவில் உடல்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் படை வெளிநாடு போனது அதுதான் முதல்முறை. இதோடு ஒப்பிட்டால் கத்ரீனாவுக்கு 1,586 மருத்துவர்களைத் தயாராக நிறுத்தி வைத்த கியூபாவின் கை ஏற்கப்படாமலே போனது அரசியல். 2005 அக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது கியூப மருத்துவர்கள் அங்கே போனார்கள்.

அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டு உதவியை எந்தத் துறை கேட்கும், எது வேண்டும், எது வேண்டாம், எங்கே இறங்கும் என்பதற்கு 2010இல் முறையாக ஒரு நடைமுறை வகுத்தது. 'வேண்டாம்' என்று மரியாதையாகச் சொல்வதும் அதில் ஒரு பகுதி. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான பகுதி. தேவையில்லாததை முகதாட்சண்யத்துக்காக வாங்கி வைத்தால், தேவையானது வரும்போது குடோனில் இடம் இருக்காது.

இடம் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று நாகையில் பார்த்தவன் நான். 2005 ஜனவரியில் சாலையோரம் பழைய துணி மலை மலையாகக் குவிந்தது. எங்கள் குடோனிலும் பாதி அதுதான். ஒரு மூட்டையைப் பிரித்தேன். மேலே கம்பளி ஸ்வெட்டர், நாகை வெயிலுக்கு. அதற்குக் கீழே பொத்தான் இல்லாத பள்ளிச் சட்டைகள், ஜோடி இல்லாத ஒற்றைச் செருப்பு, சாயம் போன ஒரு ஜீன்ஸ். அடியில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் கவுன், நன்றாக மடித்து, நாப்தலின் உருண்டை போட்டு. அதை வைத்தவர் மனதார வைத்திருக்கிறார், சந்தேகமே இல்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மா அந்த மூட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, துணி வேணாம்யா. குடம் இருந்தா ஒண்ணு குடு. லாரித் தண்ணி வந்தா பிடிக்க ஏனம் இல்ல" என்றார். குடோன் முழுக்கத் தேடினேன். ஒரு குடம்கூட இல்லை. மழையில் நனைந்த அந்தத் துணிகளை அப்புறப்படுத்தத் தனியாக ஆளும் டிராக்டரும் பிடிக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் என்னிடம் யோசனை கேட்பவர்களிடம், பொருளைச் சேர்க்கத் தொடங்கும் முன்னால் ஒரு போன் போடுங்கள் என்கிறேன். அந்த ஊரில் வாங்கி வைக்கப்போகிறவர் யார், அவருடைய இன்றைய பட்டியலில் என்ன இருக்கிறது, இறக்க ஆள் உண்டா? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் பணமாகக் கொடுங்கள், அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்களிடம் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். மருந்து மட்டும் கேட்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் கப்பலுக்கு ஆகும் வாரங்களையும் அதன் பிறகு சுங்கத்தில் ஆகும் நாள்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கி தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது, வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கத்துத் தம்பி கூப்பிட்டார். துணியும் போர்வையுமாக ஒரு கன்டெய்னர் தயாராகிறது, எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டார். மேலே சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பிள்ளைங்க எல்லாம் வீடு வீடாப் போய்ச் சேர்த்ததுண்ணே" என்றார். அந்தத் துணியை அவர்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு தொண்டுக் கடைக்குக் கொடுங்கள், கப்பல் வாடகைக்கு வைத்திருக்கும் பணத்தை இங்கே அனுப்புங்கள் என்றேன். மறுநாள் கூப்பிட்டுச் சரி என்றார். ஏரல் பக்கம் தண்ணீர் வடிந்து வீடு திரும்பிய குடும்பங்களுக்கு அந்தப் பணத்தில் பாய், அடுப்பு, ஆளுக்கொரு குடம் வாங்கினோம். திருநெல்வேலிக் கடையிலேயே கிடைத்தது. பில்லைப் போட்டோ எடுத்து அன்று இரவே அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்பி வைத்தேன்.