விட்டுப் பிடிக்கிற ரீல்

புதிதாகத் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ராட், அதாவது தூண்டில் கழி, வாங்கலாம் என்றுதான். ராடைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். ஏழெட்டு அடியில் ஒரு ஃபைபர் ராட், 3000 அல்லது 4000 என்று எண் போட்ட ஸ்பின்னிங் ரீல், ஆறு கிலோ தாங்கும் தங்கூஸ் (நைலான் நரம்பு) ஒரு சுருள், கொஞ்சம் ஈயம், முள். எண்ணூர் முகத்துவாரத்துக்கும் திருவொற்றியூர் கற்களுக்கும் இது தாராளம். முள் வாங்கும்போது மட்டும் எண்ணைக் கவனியுங்கள்: 2, 4, 6 என்று ஏற ஏற முள் சின்னதாகும், 1/0, 2/0 என்று ஏறினால் பெரிதாகும். யார் போட்ட கணக்கோ! கிழங்கான் மீனுக்கு 6 போதும், கொடுவாவுக்கு 3/0 ஆவது வேண்டும்.

இதையெல்லாம் வாங்கிக்கொண்டு எர்ணாவூர் பக்கம் ஒரு தூண்டில் வளைவில் போய் உட்கார்ந்தேன். (கடலரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டிக் கட்டியதற்கு அரசாங்கத்துத் தமிழில் இதுதான் பெயர், நாங்கள் தூண்டில் போடுவதற்காக வைத்ததில்லை.) இறாலைக் கோத்து வீசி அரை மணி நேரம் இருக்கும், ராட் வில்லாக வளைந்தது, ஒரு வெட்டு, அவ்வளவுதான், நரம்பு தொளதொளவென்று திரும்பி வந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் தங்கூஸைச் சுற்றி வைத்துக்கொண்டு, ராடே இல்லாமல் கையால் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் என் ரீலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா தம்பி, இப்டி முறுக்கி வெச்சிருக்க? விட்டுப் புடிக்கணும்பா."

ரீலின் தலையில் இருக்கும் திருகைத்தான் சொன்னார். அதற்குப் பெயர் டிராக். திருகுக்கு அடியில் கம்பளித் துணி மாதிரியோ கார்பன் தகடாகவோ சில வளையங்கள் அடுக்காக இருக்கும். திருகை இறுக்கினால் அவை ஸ்பூலை, அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையை, அழுத்திப் பிடிக்கும். மீன் அந்தப் பிடியைவிட அதிகமாக இழுத்தால் ஸ்பூல் வழுக்கிச் சுற்றி நரம்பை விடும், சைக்கிள் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே மேம்பாலத்தில் இறங்குகிற மாதிரி. பெரியவருக்கு இந்த வேலையை ஆள்காட்டி விரல் செய்தது. விரலில் நரம்பு ஓடி ஓடி ஒரு கோடே விழுந்திருந்தது.

எவ்வளவு இறுக்குவது? நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒன்று, மிஞ்சினால் மூன்றில் ஒன்று. ஆறு கிலோ நரம்புக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் தராசு வீட்டில் இருந்தால் நரம்பின் நுனியை அதில் கட்டி, ராடைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். ரீலிலிருந்து நேராக இழுத்துப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும், ஏனென்றால் வளைந்த ராடில் நரம்பு நுழைந்து ஓடும் வளையங்களில் உரசுவதும் இழுவையில் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு குறைத்து வைக்கக் காரணம் இருக்கிறது. முடிச்சு போட்ட இடத்தில் நரம்பு முழு பலத்தோடு இருக்காது, சாதாரண ஒற்றை முடிச்சென்றால் கிட்டத்தட்ட பாதி போய்விடும். நைலான் தண்ணீரை உறிஞ்சுவதால் நனைந்தபின் இன்னும் கொஞ்சம் குறையும். அப்புறம், நின்றுகொண்டிருக்கும் ஸ்பூலை நகர்த்த ஆகும் பலம், சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்பூலுக்குத் தேவைப்படுவதைவிட அதிகம், அதனால் மீன் பாயும் முதல் நொடியில் நாம் வைத்த அளவைத் தாண்டித்தான் இழுவை ஏறும். மட்டமான ரீலில் இது நன்றாகவே தெரியும், விட்டு விட்டு வெட்டும். மீன் நிறைய நரம்பை இழுத்துக்கொண்டு போய்விட்டால் வேறொரு வம்பு. ஸ்பூலில் மிச்சமிருக்கும் சுற்றின் விட்டம் பாதியாகிவிட்டதென்றால், திருகை யாரும் தொடாமலேயே இழுவை இரண்டு மடங்காகிவிடும். அந்த நேரத்தில் பதறி இறுக்குவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

என் நரம்பின் நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. அப்படிச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்தது என்று அர்த்தம். முள்ளின் காதில் நுழைத்து, ஐந்தாறு முறை முறுக்கி, நுனியைத் திரும்பக் கோத்து இறுக்குவதற்கு முன் வாயில் வைத்து எச்சில் படுத்துங்கள். காய்ந்த தங்கூஸை இறுக்கினால் உரசலில் சூடாகி அந்த இடம் கெட்டுவிடும், முடிச்சும் சரியாக உட்காராது. சின்ன விஷயம்தான், நான் சோம்பேறித்தனத்தில் விட்டிருந்தேன்.

பின்னல் நரம்பு, அதாவது பிரெய்ட், ஆரம்பத்தில் வேண்டாம். தங்கூஸ் அறுவதற்கு முன் கால்வாசி வரைகூட நீளும், நம் அவசரத்தை அது வாங்கிக்கொள்ளும். பின்னல் நீளவே நீளாது, கல்லில் ஒட்டிய சிப்பியில் உரசினால் நூல் நூலாகப் பிரியும்.

தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு எடை கிட்டத்தட்ட இல்லை, அதன் நீச்சல் பலத்தோடுதான் நாம் மல்லுக்கட்டுகிறோம். மேலே தூக்கும்போதுதான் முழு எடையும் நரம்பில் இறங்கும், அதனால் கைவலை வைத்து அள்ளுங்கள். அன்று சாயங்காலம் டிராக்கைத் தளர்த்தி, எச்சில் போட்டு முடிந்து, கடைசியில் எனக்கும் ஒன்று வந்தது, ஒரு சாண் கெளுத்தி. ஆசையாகப் பிடிக்கப் போன கையைப் பெரியவர் தட்டிவிட்டார். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று அதற்கு மூன்று விஷமுள்.